முத்திரை ஆய்வாளர் பலகைமேல் நின்றது

முதலில் முட்டி போடணும் என்றேன்.
உவரியில் யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டாம்.
பாளையங்கோட்டைக்காரர்களுக்குத்தான் வலிக்கும்.
உலகம்மை மேடத்துக்கும் வலித்தது.
ஆரஞ்சு மிதவைச் சட்டை கழுத்தை முட்ட,
கைப்பிடிப் பள்ளத்துக்கு இருபுறமும் முட்டிகளை வைத்துக்கொண்டு,
"இது எத்தனை கிலோ தாங்கும்?"
நூத்தி முப்பது.
"யாரு சோதிச்சது?"
கம்பெனி.
"ம்" என்றார்.
அந்த 'ம்'மை எங்கேயோ கேட்டிருக்கிறேன்.

கடலோடு சேரலாமா வேண்டாமா என்று
மணல்திட்டுக்குப் பின்னால் நம்பியாறு
யோசித்துக் கிடக்கும் இடம்.
இடுப்பளவு தண்ணீர்.
குடித்தால் உப்பென்றும் சொல்ல முடியாது,
இல்லையென்றும் சொல்ல முடியாது.

ஒரு காலை ஊணுங்க. இப்ப அடுத்த கால்.
காலைப் பாக்காதீங்க மேடம்.
தூரத்துல காத்தாடி தெரியுதுல்லா,
அந்த மூணாவது காத்தாடியப் பாருங்க.

காலைப் பார்த்தார்.
விழுந்தார்.

ரிசார்ட்டின் மற்ற விருந்தாளிகள்
துடுப்பு போட்டபடி எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.
ஒரு பையன் நின்றுகொண்டே செல்ஃபி எடுத்தான்.
ஆறாவது தடவை, ஏழாவது தடவை.
கரையில் லெரின் சிரிப்பை விழுங்க
சும்மா கிடந்த பலகையை மறுபடி கழுவினான்.
எட்டாவது தடவை, மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்திவிட்டுச் சொன்னார்:
"இருவத்தாறு வருசமா தராசு முள்ளுதான் பாத்துட்டிருக்கேன்,
நடுவுல நிக்கா நிக்கலையான்னு.
முள்ளு படுத பாடு இப்பத்தான் தெரியுது."

ஏலக்கூடம்.
புனித வெள்ளிக்கு முந்தின வாரம்.
அப்பாவின் தராசை மேசைமேல் கவிழ்த்து,
தட்டுக்கடியில் ஒட்டியிருந்த காந்தத்தை
நகத்தால் பெயர்த்தெடுத்த விரல்கள்
இப்போது துடுப்பைத் திருப்பிப் பிடித்திருந்தன.
அபராதம் ஐயாயிரம்.
அப்பா மூன்று ஞாயிறு பூசைக்குப் போகவில்லை.
எண்பது கிராம்தானே என்றாள் அம்மா,
குழம்பைக் கிண்டியபடி,
யாரிடமும் இல்லாமல்.

துடுப்பை வாங்கித் திருப்பிக் கொடுத்தேன்.
சாய்வு முன்னால இருக்கணும் மேடம்.

பத்தேகாலுக்குக் கச்சான் எழும்பியது.
சொல்லிக்கொண்டு வராது அது.
பாதி எழுந்து குனிந்து நின்ற உடம்பே பாயாகிவிட,
திட்டு உடைந்து கடல் திறக்கும் வாய்க்கு நேராக
மேடம் போய்க்கொண்டிருந்தார்.
படுங்க! படுங்க! என்று கத்தினேன்.
படுத்துவிட்டார், சொன்னபடி,
முகத்தைப் பலகையில் வைத்து,
குழந்தை மாதிரி.

நான் போனேன்.
ஆனால் முதல் மூன்று துடுப்பு
அவசரமில்லாமல்தான் போட்டேன்.
அதை எந்தத் தராசிலும் யாரும் வைக்க வேண்டாம்.
நாலாவதிலிருந்து தோள் கழன்றுவிடும்போல வலித்தேன்.
அவர் கணுக்கால் கயிற்றை
என் பலகையில் மாட்டி இழுத்து வரும்போது
ஆய்வாளர் ஒரு வார்த்தை பேசவில்லை.
வெயிலில் அவர் முதுகு ஏறி ஏறி இறங்கியது.

திட்டு மறைவில் காற்று இல்லை.
முடிஞ்சுது மேடம் என்றேன்.

எழுந்து உட்கார்ந்தார். மணிக்கட்டைத் திருப்பினார்.
கண்ணாடி போட்டால்தான் தெரியும்,
கண்ணாடியோ ஆற்றுக்குள்.
கடிகாரத்தை மூக்குவரை கொண்டுபோய்ப் பார்த்தார்.
"ஒரு மணி நேரம்னு எழுதிப் போட்டிருக்கியள்ளா.
அம்பது நிமிசந்தான் ஆயிருக்கு."

லெரின் என்னைப் பார்த்தான்.
நான் மூன்றாவது காற்றாடியைப் பார்த்தேன்.

குறைந்த பத்து நிமிடத்தில்
ஏழாவதில் நின்றார்.
முழங்கால் நடுங்கியது, பலகை இடத்தே சரிந்தது,
வலத்தே போனது, போய்
நடுவுக்கு வந்தது.
எங்களூர்த் தண்ணீர்மேல் ஒரு முத்திரை ஆய்வாளர்,
ஈரச் சுடிதாரோடு, நேராக.

"நிக்கா?" என்று கேட்டார், காற்றாடியைப் பார்த்தபடியே.
நிக்கு மேடம். சரியா இருக்கு.
அந்தக் குரலிலா, சொன்ன விதத்திலா தெரியவில்லை,
சட்டென்று என் பக்கம் திரும்பி
முகத்தை உற்றுப் பார்த்து,
"ஏட்டி, நீ ஏலக்கூடத்துத் தொம்மை மவளா?"

காலைப் பார்த்தால்தான் விழுவார்கள் என்றில்லை.

இன்னும் மூன்று நிமிடம் பாக்கி இருந்தது.